சுருங்குது, வெளுக்குது, உரியுது: புதுத் தொட்டியில் கல் பவளக் கோளாறுகள்

தருமபுரியில் என் தொழில் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் மெம்பிரேன் மாற்றப் போனேன். "குடிக்கிறதுக்கு இல்லண்ணா, உப்புத் தண்ணி தொட்டிக்கு" என்று அந்த வீட்டுத் தம்பி உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். நாலடித் தொட்டி, பச்சையும் ஆரஞ்சுமாகப் பவளங்கள். அதில் பாதி செத்துக்கொண்டிருந்தது. மெஷினைச் சரிசெய்தேன், மீதிப் பாதி பிழைத்தது. அப்புறம் எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. இப்போது ஓசூர், பாலக்கோடு, காவேரிப்பட்டினம் என்று எங்கிருந்தாவது வாரம் ஒரு போன் வந்துவிடும்.

எல்லாரும் சொல்வது ஏறக்குறைய ஒரே கதை. தொட்டி வைத்து ஆறேழு மாதம் ஆகிறது, முதலில் நன்றாக இருந்தது, இப்போது சரியில்லை. அதனால் கண்ணில் படும் அறிகுறியை வைத்தே எழுதுகிறேன். காசில்லாமல் பார்த்துவிடக்கூடியது முதலில், பையைக் காலிசெய்வது கடைசியில்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரம் போன இடத்தில் கரையில் ஒதுங்கிய செத்த துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. வெளிநாட்டில் வளர்த்தது என்று சொல்லி விற்பவரிடம் இறக்குமதித் தாளையும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) அனுமதியையும் கேளுங்கள். அதைக் காட்டினாலும், மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். தாள் காட்டாதவரிடம் வாங்கிய பவளத்துக்கு நான் வைத்தியம் பார்ப்பதில்லை.

## எதற்கும் முன் நாலு எண்

போட்டோ மட்டும் அனுப்பி "என்னன்னு பாருங்கண்ணா" என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த நாலும் வேண்டும்.

உப்பின் அளவு: 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு), அடர்த்தியில் சொன்னால் 1.026க்கு ஒட்டி.
வெப்பம்: 25 முதல் 27 டிகிரி. காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் தனித்தனியாக.
கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை): 7.5 முதல் 9 டிகேஎச். ஒரு நாள் எண் போதாது, மூன்று நாள் எண் வேண்டும்.
தொட்டியில் ஊற்றும் நல்ல தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு): 0.

கால்சியம் (400 முதல் 450 பிபிஎம்), மக்னீசியம் (1250 முதல் 1350), நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் அப்புறம்.

கருவியே பொய் சொல்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் 0 வைத்துவிட்டு நம்புவது பெரிய தப்பு. 0வில் சரியாக இருந்து 35இல் மூன்று புள்ளி தள்ளிக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். 35 பிபிடி திரவம் கையில் இல்லையென்றால், 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் ஈரமில்லாத தூள் உப்பு 36.5 கிராம் கரையுங்கள். கருவி 35 காட்ட வேண்டும். கேஎச் கிட்டுக்கு இன்னும் சுலபம்: சமையல் சோடா 2.4 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதிலிருந்து 100 மில்லியை எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால் 8 டிகேஎச். தெரிந்த நகைக்கடை இருந்தால் தராசுக்குப் பஞ்சமில்லை. சோடா மாவு என்றால் சோடா மாவுதான். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு.

## அறிகுறி 1: எல்லாப் பவளமும் ஒரே நாளில் சுருங்கிவிட்டது

ஒன்று மட்டும் சுருங்கினால் அது அந்தப் பவளத்தின் பிரச்சினை. எல்லாம் சேர்ந்து சுருங்கினால் தண்ணீரில்தான் ஏதோ நடந்திருக்கிறது. நோய் என்று நினைத்து மருந்து தேடாதீர்கள்.

### உப்பு ஏறியிருக்கிறதா?

நம்ம ஊர் வெயிலும் காய்ந்த காற்றும் தண்ணீரைக் குடிக்கிற வேகம் கடலோர ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. என் 250 லிட்டர் தொட்டியில் மாசியில் நாளுக்கு 4 லிட்டர் ஆவியாகும், சித்திரையில் ஃபேன் போட்டுவிட்டால் 7 லிட்டர். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். ஊருக்குப் போய் ஐந்து நாள் கழித்து வந்தால் 20 லிட்டர் குறைந்து 35 என்பது 38 ஆகியிருக்கும்.

ஏடிஓ (ஆவியான அளவுக்கு டப்பாவிலிருந்து தானாக நல்ல தண்ணீர் விடும் கருவி) மிதவையில் நத்தை உட்கார்ந்து அடைத்திருக்கிறதா, டப்பாவில் தண்ணீர் தீர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். குறைந்ததை உப்புத் தண்ணீரால் நிரப்பினீர்களா என்று வீட்டில் உள்ள மற்றவர்களையும் கேளுங்கள். நல்லெண்ணத்தில் செய்திருப்பார்கள்.

ஏறிய உப்பை ஒரே மூச்சில் இறக்காதீர்கள். நாளுக்கு ஒரு புள்ளி, அதற்கு மேல் வேண்டாம்.

### மதியம் வெப்பம் எவ்வளவு?

காலை 27, மதியம் 30.5 என்றால் காரணம் கிடைத்துவிட்டது. கீழே அறிகுறி 3இல் இதை விரிவாகச் சொல்கிறேன். ஓசூர்க்காரர்கள் இதைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும்: மார்கழி இரவில் ஹீட்டர் வேலை செய்கிறதா, அல்லது ஒட்டிக்கொண்டு அணையாமலே ஓடுகிறதா. அணையாத ஹீட்டர் ஒரே ராத்திரியில் தொட்டியை ரசமாக்கிவிடும். ஹீட்டரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாமல், வெளியே தனி கன்ட்ரோலர் ஒன்று மாட்டுங்கள்.

### அறையில் என்ன செய்தீர்கள்?

கொசு லிக்விட், கொசுவத்தி, கரப்பான் ஸ்ப்ரே, பெயின்ட், பினாயில். கொசு மருந்தில் இருக்கும் பைரத்ராய்டு வகை ரசாயனம் இறால், நண்டு வகைகளுக்குக் கொடிய விஷம். தொட்டியில் இறாலும் சேர்ந்து செத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்கிம்மர் (நுரை எழுப்பி அழுக்கைப் பிரிக்கும் கருவி) அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் அடிக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். புதுக் கார்பன் போட்டு, 25 முதல் 30 சதம் தண்ணீர் மாற்றுங்கள்.

### உங்கள் ஆர்.ஓ. செம்பு சேர்க்கிறதா?

நான் கண்டுபிடித்ததில் அதிகமானவை இதுதான். இப்போது கடையில் விற்கும் வீட்டு மெஷின்கள் பலவற்றில் "காப்பர்" என்று பெயர் போட்டு ஒரு கேட்ரிஜ் வைக்கிறார்கள். குடிப்பவருக்கு நல்லதோ என்னவோ, முதுகெலும்பு இல்லாத கடலுயிர்களுக்குச் செம்பு எமன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு மாதம் கழித்து நத்தை சாகும், இறால் சாகும், அப்புறம் பவளம் சுருங்கும். மெஷினைத் திறந்து பாருங்கள். கடைசியாக வரும் கேட்ரிஜில் காப்பர் என்றோ மினரல் என்றோ எழுதியிருந்தால் அதற்கு முன்பே குழாயைப் பிரித்துத் தொட்டிக்கான தண்ணீரை எடுக்க வேண்டும்.

பழைய தொட்டி வாங்கினவர்கள் அதில் முன்பு மீனுக்குச் செம்பு மருந்து போட்டார்களா என்று விசாரியுங்கள்.

### தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்கிறதா?

இங்கே நிறுத்துங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எந்த ஹீட்டர், எந்த பம்ப் என்று நீங்களே ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோதிக்க வேண்டாம். ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் தானே அணையும் சுவிட்ச்) இல்லாத லைனில் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஓட்டுகிற வீட்டில் நான் கையை நனைப்பதில்லை.

## அறிகுறி 2: ஒன்றே ஒன்று மட்டும் திறக்கவில்லை

நேற்று வாங்கி வந்ததா? நாலைந்து நாள் விடுங்கள். தினமும் இடம் மாற்றினால் அது என்றைக்கும் திறக்காது.

தண்ணீர் நேராக அடிக்கிறதா என்று பாருங்கள். டார்ச், ஹேமர், பிரெய்ன் போன்ற சதைப்பிடிப்பான எல்பிஎஸ் (பெரிய பாலிப் கல் பவளம்) வகைகள் காற்றில் நெற்கதிர் ஆடுகிற மாதிரி மெல்ல ஆட வேண்டும். ஒரே பக்கமாகப் படுத்துக்கிடந்தால் வேவ்மேக்கரை (தண்ணீரை ஓடவிடும் பம்ப்) திருப்புங்கள். சதை எலும்பின் விளிம்பில் உரசிக் கிழிந்துவிடும். அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் (சின்னப் பாலிப் கல் பவளம்) வகைகளுக்கு நேர் எதிர்: நாலு பக்கமும் மாறி மாறி நல்ல ஓட்டம் வேண்டும், இல்லாவிட்டால் கிளைகளுக்கு நடுவில் தூசி படியும்.

பக்கத்து வீட்டுச் சண்டையாகவும் இருக்கலாம். பகலில் சாதுவாக இருக்கும் கேலக்ஸியா ராத்திரியில் நீள நூல்களை விட்டுப் பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

அதே ராத்திரிச் சோதனையில் பூச்சியும் தெரியும். அக்ரோபோராவில் வட்ட வட்டமாகக் கடித்த தடம் இருந்தால் தட்டைப்புழு. மான்டிபோராவின் அடியில் வெள்ளைக் குஞ்சம் மாதிரி ஊர்ந்தால் அதைத் தின்னும் நுடிபிராங்க் என்ற ஓடில்லாத நத்தை. டிப் மருந்தில் முக்கினால் புழு உதிரும், முட்டை உதிராது. வாரம் ஒருமுறை என்று நாலைந்து முறை செய்ய வேண்டும், முட்டை ஒட்டிய அடிக்கட்டையை வெட்டிவிட வேண்டும். மயிர்ப்புழுவைப் பார்த்துப் பதறவேண்டாம். செத்ததைத் தின்ன வந்தவன், கொன்றவன் இல்லை.

## அறிகுறி 3: வெளுத்துப் போகிறது

முதலில் ஒரு டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மெல்லிய சதை மேலே இருக்கிறதா, இல்லை வெறும் எலும்பா? வெறும் எலும்பென்றால் இதை விட்டு அறிகுறி 4க்குப் போங்கள். சதை இருந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

### சூட்டினால் வெளுத்ததா?

அக்னி நட்சத்திரம் வந்தால் என் போன் ஓயாது. மாம்பழ லாரிகள் கிருஷ்ணகிரியைச் சுற்றும் அதே வாரங்கள். அறை 37 டிகிரியில் இருக்கும்போது, விளக்கும் பம்புகளும் சேர்ந்து தொட்டியை 30க்கு மேல் தள்ளிவிடும்.

காசில்லாத வழி: விளக்கு எரியும் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள், சம்ப் (கீழே இருக்கும் துணைத் தொட்டி) கதவைத் திறந்துவையுங்கள், கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். சில நூறு ரூபாயில்: தண்ணீர் மேல் படும்படி சின்ன ஃபேன் ஒன்று. நம்ம ஊர்க் காற்றில் ஈரம் குறைவு என்பதால் இரண்டு மூன்று டிகிரி தாராளமாக இறங்கும். கூடுதலாக ஆவியாகும் தண்ணீருக்கு ஏடிஓ ஈடுகொடுக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். உறையவைத்த பாட்டிலைச் சம்பில் மிதக்கவிடலாம், ஆனால் வெப்பம் மேலும் கீழும் ஆடும், அவசரத்துக்கு மட்டும்.

அதற்கும் அடங்காவிட்டால் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர். அதற்குப் பல ஆயிரம் ஆகும் என்பதால், அந்தக் காசில் அறைக்கு ஏசி போட்டுவிடலாமா என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சில்லர் ஓடியும் குளிரவில்லையென்றால், பின்னால் இருக்கும் ஜாலியில் தூசி துடையுங்கள். அதற்கப்புறமும் இல்லையென்றால் கேஸ் கசிவு; அது ஃபிரிட்ஜ் மெக்கானிக் வேலை.

### வெளிச்சம் அதிகமா?

புது எல்இடி வாங்கி மாட்டிய பதினைந்து நாளுக்குள் மேல்பக்கம் மட்டும் வெளுத்து, நிழல்பக்கம் நிறம் மாறாமல் இருந்தால் வெளிச்சம்தான். பாதியாகக் குறைத்து, வாரத்துக்குப் பத்து சதமாக ஏற்றுங்கள். புதுப் பவளத்தைத் தரையில் வைத்து வாரம் ஒரு படி மேலே கொண்டுபோவதும் அதே வித்தைதான். எல்பிஎஸ்களுக்கு 50 முதல் 150 பார் (பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) போதும், எஸ்பிஎஸ்களுக்கு 200 முதல் 350 வரை. பார் மீட்டர் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். செல்போன் ஆப் காட்டும் எண்ணை நீல விளக்கின் கீழ் நம்ப முடியாது.

### பசியா?

வெளிச்சம் சரி, வெப்பம் சரி, தண்ணீர் பளிங்கு மாதிரி. ஆனாலும் எல்லாம் வெளிறிப் போகிறது. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 என்று அவர் பெருமையாகச் சொல்வார். அதுதான் கோளாறே. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்க வேண்டும். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், மீனுக்கு இன்னொரு வேளை தீனி போடுங்கள், ஸ்கிம்மரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எல்பிஎஸ்களுக்கு ராத்திரியில் மைசிஸ் இறால் வாயருகே கொடுத்தால் வாங்கிக்கொள்ளும்.

வெளுக்காமல் பழுப்பாகிப் போனால் இதற்கு நேர்மாறு: வெளிச்சம் குறைவு அல்லது நைட்ரேட், பாஸ்பேட் அதிகம். சாகாது. அவசரமில்லை.

## அறிகுறி 4: சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிகிறது

எலும்பு பால் வெள்ளையாக இருந்தால் உரிந்து ஓரிரு நாள்தான் ஆகிறது. மேலே பச்சைப் பாசி படிந்திருந்தால் அது பழைய காயம். அதற்கு இப்போது ஓட வேண்டாம்.

### நுனி மட்டும் வெந்தமாதிரி

எஸ்பிஎஸ் கிளை நுனிகள் மட்டும் வெள்ளையாகி, கேஎச் 10, 11 என்று இருந்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0வை ஒட்டி இருந்தால், கேஎச் அதிகம். போடுவதை நிறுத்துங்கள், தானாக இறங்கும். வினிகர் ஊற்றி இறக்குகிற வேலை வேண்டாம்.

### அடியிலிருந்து மெல்ல மேலே

இங்கேதான் அந்த மூன்று நாள் எண். 7.2, 9.4, 7.8 என்று ஆடியிருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். 7.5இல் நிலையாக நிற்கும் தொட்டி, 8க்கும் 10க்கும் நடுவில் ஊஞ்சலாடும் தொட்டியைவிட ஆயிரம் மடங்கு மேல். புதுத் தொட்டிக்காரர்கள் பெரும்பாலும் விழும் குழி இது: எண் குறைந்தது, பயந்து நிறைய ஊற்றினார், எண் ஏறியது, பயந்து நிறுத்தினார்.

கணக்கு இதோ. 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா, கேஎச்சை 1 டிகேஎச் ஏற்றும். பாறையும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்து, சம்பையும் சேர்த்து உண்மையில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று பாருங்கள். நாளுக்கு அரை டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, ஓட்டம் பலமாக உள்ள இடத்தில் சொட்டுச் சொட்டாக. கால்சியமும் சேர்த்துப் போடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரமாவது விடுங்கள், இல்லையென்றால் வெள்ளையாகத் திரிந்து வீணாகும்.

சரி, நாளுக்கு எவ்வளவு போடுவது? மூன்று நாள் எதுவும் போடாமல் அதே நேரத்தில் அளந்து, இறங்கியதை மூன்றால் வகுங்கள். அதுதான் உங்கள் தொட்டியின் தினச்செலவு. கேஎச் 1 இறங்கினால் கால்சியம் ஏறக்குறைய 7 பிபிஎம் இறங்க வேண்டும். இரண்டும் விழுந்தும் பவளம் வளரவில்லையென்றால், ஹீட்டரையும் பம்ப் ரோட்டரையும் கழற்றிப் பாருங்கள். கெட்டியாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். மக்னீசியம் 1200க்குக் கீழே போயிருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

சுண்ணாம்பு என்றதும் ஒன்று. கால்க்வாசர் என்பது கால்சியம் ஹைட்ராக்சைடுதானே, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் அதுதானே என்று பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் கடைச் சுண்ணாம்பில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தொட்டிக்கென்று விற்பதையோ, ஆய்வகத் தரத்தையோ வாங்குங்கள். அதையும் ஒரே ஊற்றாக ஊற்றினால் பிஎச் எகிறிக் காலையில் எல்லாம் மிதக்கும்.

### சில மணி நேரத்தில் மொத்தமும் உரிகிறது

அக்ரோபோராவில் காலையில் ஒரு விரல் அளவு, சாயங்காலத்துக்குள் பாதிக் கிளை. காரணம் தேட நேரமில்லை. உரிந்த இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, நல்ல சதை இருக்கும் இடத்தில் வெட்டுங்கள், டிப்பில் முக்கி எடுங்கள், சூப்பர் க்ளூ ஜெல்லால் புதுத் தட்டில் ஒட்டுங்கள். நாலு துண்டில் ஒன்று பிழைத்தாலும் லாபம். அப்புறம் நாலு எண்ணையும் அளந்து காரணத்தைத் தேடலாம்.

### பழுப்புக் கூழ்

டார்ச், ஹேமர், ஃபிராக்ஸ்பான் இவற்றில் ஒரு தலை மட்டும் பழுப்பு ஜெல்லியாகக் கரைந்து நாறினால், வேவ்மேக்கரை அணைத்துவிட்டு, கூழ் சிதறாமல் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். தலையைக் கிளையோடு வெட்டி வெளியே போடுங்கள். மீதியை டிப் செய்து தனி வாளியில், சூடும் ஓட்டமும் கொடுத்து வையுங்கள். கிளையில்லாத சுவர் வகையாக இருந்தால் வெட்டுவது கையில் பழகினவர் வேலை. பெங்களூரிலோ சென்னையிலோ கடல் தொட்டி பராமரிப்பவர் தெரிந்தால் அன்றைக்கே வீடியோ காலில் காட்டுங்கள். காத்திருந்தால் பக்கத்தில் இருப்பதும் போகும்.

## அறிகுறி 5: எதுவும் போடாமலே கேஎச் ஏறுகிறது, அல்லது மணல் மேல் பழுப்பு ஓயவில்லை

இரண்டும் வேறு வேறு மாதிரித் தெரிந்தாலும் நம்ம மாவட்டங்களில் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடியும்: நீங்கள் ஊற்றும் தண்ணீர்.

இந்தப் பக்கம் தண்ணீர் என்றாலே எல்லாரும் ஃப்ளோரைடைத்தான் சொல்வார்கள். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் காவிரித் தண்ணீர் ஓடத் தொடங்கியது. பவளத்துக்கு மட்டும் அந்தப் பயம் வேண்டாம். கடல் நீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறது. போர்த் தண்ணீரில் நம்மை அடிப்பது காரத்தன்மையும், சிலிக்காவும், வயல் உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டும்.

தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் எடுங்கள். அதில் காரத்தன்மை 400 என்று போட்டிருந்தால் 17.9ஆல் வகுங்கள், 22 டிகேஎச் வரும். 250 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 5 லிட்டர் இந்தத் தண்ணீரை ஊற்றினால் கேஎச் தினமும் 0.4க்கு மேல் ஏறும்.

"நான் ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்தறேன்" என்பார்கள். இருக்கட்டும். மெஷினில் இருக்கும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகைப் பாருங்கள். குடிக்கிற தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்று, வடிகட்டாத தண்ணீரை அது கொஞ்சம் கலந்துவிடும். வீட்டு மெஷினில் 100, 150 என்று வருவது பெரும்பாலும் இதனால்தான். நானே நூற்றுக்கணக்கான வீடுகளில் அதைத் திருகிவிட்டிருக்கிறேன், குடிப்பதற்காக. தொட்டிக்கு அதை முழுசாக மூட வேண்டும்.

மூடியபின் பாருங்கள். போர்த் தண்ணீர் 1200 என்றால் நல்ல மெம்பிரேன் 60க்குள் கொண்டுவர வேண்டும். 120 வந்தால் மெம்பிரேன் போய்விட்டது, அல்லது பம்ப் அழுத்தம் போதவில்லை. பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்காமல் மெம்பிரேன் வாங்காதீர்கள். அந்த 60ஐ 0 ஆக்குவது, மீதி உப்பைப் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின். குடிக்கிற மெஷினில் அது இருக்காது, தனியாக மாட்ட வேண்டும். ரெசின் வாரக்கணக்கில்கூடத் தாங்கவில்லை என்றால் போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவைச் சந்தேகியுங்கள். மெம்பிரேன் அதை நிறுத்தாது. ஆர்.ஓ. தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு ராத்திரி விட்டு, அப்புறம் ரெசின் வழியாக விடுங்கள்.

மீட்டர் 0 காட்டுகிறது, ஆனாலும் கண்ணாடியில் பழுப்புத் தூள் விடாமல் படிகிறதா? ரெசின் தீரும்போது முதலில் நழுவி வெளியே வருவது சிலிக்கா. மீட்டருக்கு அது தெரியாது. ரெசினை மாற்றுங்கள்.

மீட்டருக்குத் தெரியாத இன்னொன்று குளோரின். குழாய்த் தண்ணீர் பிடிப்பவர்கள், மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் போட்ட அன்று மூக்கில் வாசனை வந்தாலே பிடிக்காதீர்கள். குளோரின் மெம்பிரேனையும் தின்றுவிடும். சொட்டு மருந்துக் கிட்டில் மஞ்சள் அடித்தால் கார்பன் கேட்ரிஜ் தீர்ந்துவிட்டது.

தண்ணீர் சுத்தம், ஆனாலும் மணல் மேல் ஏதோ இருக்கிறது என்றால் அது எது என்று பாருங்கள். தூள் மாதிரி ஊதினால் பறப்பது டயாட்டம். முதல் மூன்று மாதத்தில் எல்லாத் தொட்டியிலும் வரும், தானே போகும். சிவப்புப் போர்வை மாதிரி உரித்து எடுக்க வருவது சயனோ. உறிஞ்சி எடுத்து ஓட்டத்தைக் கூட்டுங்கள். மூக்குச்சளி மாதிரி நூல் நூலாக, நுனியில் குமிழியோடு, காலையில் குறைந்து சாயங்காலம் பெருகினால் டைனோ. அதற்குத் தண்ணீர் மாற்ற மாற்ற மோசமாகும், ஏனென்றால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0 ஆன தொட்டிகளில்தான் அது அதிகம் வருகிறது. அறிகுறி 3இல் பசிக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

எல்லாம் சரி, எல்லா எண்ணும் சரி, ஆனாலும் இரண்டு மாதமாக ஒன்றொன்றாகச் சாகிறதென்றால், ஐசிபி பரிசோதனைக்கு (உலோகங்களை ஆய்வகத்தில் நுட்பமாக அளப்பது) தண்ணீர் அனுப்புங்கள். காசும் நாளும் பிடிக்கும். தகரம், துத்தநாகம், செம்பு என்று ஏதாவது ஏறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். அனுப்புவதற்கு முன், துருப்பிடித்த காந்தமோ குழாய் கிளிப்போ உள்ளே கிடக்கிறதா என்று ஒருமுறை கையை விட்டுத் துழாவுங்கள். காவேரிப்பட்டினத்தில் ஒரு வீட்டில் சம்ப் மூலையில் கிடைத்தது குழந்தை போட்ட ஒரு ரூபாய்.

## அறிகுறி 6: கரண்ட் போய்வந்த பிறகு

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை நிறுத்துவார்கள் என்று முன்பே தெரியும், அதற்குத் தயாராகலாம். இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரை மட்டும் போடுங்கள். விளக்கு, ஸ்கிம்மர், ரிட்டர்ன் (சம்பிலிருந்து மேலே தண்ணீர் ஏற்றும் பம்ப்) எதுவும் வேண்டாம். அதுவும் இல்லையென்றால் பேட்டரி ஏர் பம்ப். பவளத்துக்கு முன்னால் மூச்சுத் திணறுவது மீன்தான்.

ரிட்டர்ன் நின்றதும் மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் பின்வாங்கிச் சம்பில் இறங்கும். வீட்டில் ஆள் இருக்கும்போதே ஒருமுறை சுவிட்சை அணைத்துப் பாருங்கள், சம்ப் வழிகிறதா என்று. வழிந்தால் ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து நின்றுவிடும். அந்த ஓட்டையை மாதம் ஒருமுறை பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள், பாசி அடைத்துக்கொள்ளும்.

கரண்ட் வந்ததும் முதல் வேலை ஏடிஓவைப் பார்ப்பது. சம்ப் மட்டம் நிலைக்குமுன் அது தப்பாகப் புரிந்துகொண்டு டப்பா முழுவதையும் உள்ளே தள்ளிவிட்டிருக்கும். இப்போது உப்பு 35க்குப் பதில் 32 இருந்தால், ஏற்ற வேண்டியது உப்புத் தண்ணீரால்தான், இரண்டு மூன்று நாளில். என் டப்பா இப்போது வெறும் 10 லிட்டர். முழுசாகக் கவிழ்ந்தாலும் தொட்டி தாங்கும்.